லொறித் தளத்திலிருந்து தரைக்கு: மின் பலட் ட்ரக்கைப் பாதுகாப்பாகக் கையாளுதல்

கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் இரவிரவாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி வரும் லொறிகள், விடியப்புறம் யாழ்ப்பாணத்துக் களஞ்சியங்களின் முன்னால் வந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் முழுவதும் தோளிலும் தலையிலும் இறங்கிய சரக்கில் ஒரு பகுதி இப்போது பலட் எனும் மரத்தட்டில் அடுக்கி, பொலித்தீன் சுற்றி வருகிறது. தண்ணீர்ப் போத்தல், குளிர்பானம், டைல்ஸ், பால்மா, பசளை என்று பல பொருள்கள் இப்படி வருகின்றன. இவற்றை இறக்க ஒரு முதலாளி முதலில் விசாரிக்கும் இயந்திரம் பெரும்பாலும், பலட்டின் அடியில் இரண்டு கவைகளை (நீண்ட இரும்புக் கரங்களை) விட்டுத் தூக்கி மோட்டரால் நகர்த்தும் மின் பலட் ட்ரக்தான். போர்க்லிப்டை விட விலை குறைவு, பிடிக்கும் இடமும் குறைவு. ஒரு காலைப்பொழுதில் ஓட்டப் பழகிவிடலாம்.

பெருவிரலால் மெதுவாக அழுத்த ஒன்றரைத் தொன் நகர்கிறது. கவனிக்க வேண்டிய முதல் விடயம் இந்தச் சுலபம்தான். கையால் இழுக்கும் பலட் ட்ரக்கில் சுமை எவ்வளவு பாரம், தரை எந்தப் பக்கம் சரிகிறது, எந்தப் பலகை இடறுகிறது என்பதெல்லாம் இழுப்பவரின் தோளுக்கும் இடுப்புக்கும் தெரிந்துவிடும். மோட்டர் அந்தப் பாரத்தைத் தானே எடுத்துக்கொள்வதால் அவருக்கு எந்த அறிகுறியும் வந்து சேர்வதில்லை. தோள் முன்பு சொன்னதை இனிக் கண்ணால் பார்த்தும் அளந்தும் அறிய வேண்டும். இயந்திரம் வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: லொறித் தளத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள 1.2 மீற்றரை இந்தச் சுமை எப்படிக் கடக்கப்போகிறது?

இயந்திரத்தின் பிடி எங்கே இருக்கிறது

ஓட்டுபவர் நடந்துகொண்டே இயக்கும் வகையைத்தான் இங்கே பேசுகிறோம். 1.5 தொன் தூக்கும் சிறிய லித்தியம் பற்றரி இயந்திரம் 120 முதல் 200 கிலோ நிறை இருக்கும். ஈய அமில பற்றரி வைத்த பெரிய வகைகள் 400 கிலோவையும் தாண்டும். லொறிக்குள் ஏற்றி வேலை செய்வதென்றால் முதலாவது வகைதான் பொருத்தம். கவைகள் இரண்டும் பொதுவாக 1.15 மீற்றர் நீளம். தாழ்ந்திருக்கும்போது தரையிலிருந்து 8 சென்ரிமீற்றரும், முழுதாக உயர்த்தினால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றரும் இருக்கும். கவை நுனிக்கு அருகில் 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறிய சில்லுகள் இருக்கின்றன. கைபிடித் தண்டுக்குக் கீழே மோட்டரும் பிறேக்கும் பூட்டிய ஒரு பெரிய சில்லு இருக்கிறது.

தண்டு நேராக நிமிர்ந்து நின்றாலும் பிறேக் பிடிக்கும், தரையோடு படுத்தாலும் பிடிக்கும். இடைப்பட்ட சரிவில் வைத்திருந்தால்தான் இயந்திரம் ஓடும். கையை விட்டால் தண்டு தானாக நிமிர்ந்து இயந்திரத்தை நிறுத்திவிடும். தண்டின் தலையில், ஓட்டுபவரின் வயிற்றை நோக்கி ஒரு பெரிய பொத்தான் இருக்கும். இயந்திரம் ஆளைச் சுவரோடு நெருக்கும்போது அந்தப் பொத்தான் உடம்பில் அழுந்தும். உடனே இயந்திரம் எதிர்த்திசையில் விலகும். ஒடுங்கிய லொறிக்குள் உயிரைக் காப்பது இந்தப் பொத்தான்தான். அது வேலை செய்யாத இயந்திரத்தை அன்றைக்கு லொறிக்குள் விடவே கூடாது.

பிறேக் அந்த ஒரு பெரிய சில்லில் மட்டும்தான் பிடிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 1.5 தொன் சுமையோடு மொத்தம் 1,650 கிலோ வருகிற இயந்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கவைச் சில்லுகளின் மேல் நிற்கும். பிறேக் உள்ள சில்லின் மேல் 500 கிலோ அளவுதான். 10 வீதச் சரிவில், அதாவது 10 மீற்றருக்கு 1 மீற்றர் இறங்கும் சரிவில், அந்த 1,650 கிலோவும் ஏறத்தாழ 165 கிலோ விசையோடு கீழே இழுபடும். காய்ந்த கொங்கிறீட்டில் பிறேக் சில்லு அதைத் தாங்கிக்கொள்ளும். மழையில் நனைந்த இரும்புத் தகட்டில் உராய்வுக் குணகம் 0.3 ஆக இறங்கினால் அந்தச் சில்லின் பிடி 150 கிலோ மட்டுமே. அப்போது பிறேக் பூட்டிய சில்லே வழுக்கிக்கொண்டு போகும். பிறேக்கில் எந்தப் பழுதும் இல்லாமலே இது நடக்கும்.

கையேட்டைப் பார்த்தால் இந்த அளவு இயந்திரங்களுக்குச் சுமையோடு 5 அல்லது 6 வீதச் சரிவுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். 1.2 மீற்றர் உயரத் தளத்திலிருந்து 5 வீதச் சரிவில் தரைக்கு இறங்க 24 மீற்றர் நீளச் சாய்தளம் வேண்டும். யாழ்ப்பாணக் கஸ்தூரியார் வீதியில் எந்தக் கடைக்கு முன்னால் 24 மீற்றர் வெறுமையாகக் கிடக்கிறது? இரண்டு பலகையைச் சரித்து வைத்து ‘மெதுவாக இறக்கலாம்’ என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கே மறுமொழி. சுமையோடு பலகைச் சரிவில் இந்த இயந்திரத்தை இறக்கவே முடியாது.

ஆகவே வழி மூன்றுதான். லொறித் தள உயரத்துக்குக் கட்டிய மேடையும் இடைவெளியை மூடும் ஒரு பாலத் தகடும் இருக்க வேண்டும். அல்லது லொறியின் பின்புறத்திலேயே டெயில் லிப்ட், அதாவது சரக்கோடு ஏறி இறங்கும் தட்டு, பூட்டியிருக்க வேண்டும். அல்லது உள்ளே பலட் ட்ரக், வெளியே போர்க்லிப்ட் என்று இரண்டும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இவற்றில் எதுவும் இல்லாத களஞ்சியத்தில் சரக்கைக் கையால் இறக்கிவிட்டு, தரையில் வைத்துப் பலட்டில் அடுக்கி, அதன்பிறகு இயந்திரத்தால் உள்ளே கொண்டுபோவதே சரி. அப்படிச் செய்தாலும் பாதி உடல் உழைப்பு மிச்சம்.

லொறி அசையாமல் நிற்க

இறக்கும் வேலையில் மிக மோசமான விபத்து, ஆள் உள்ளே இருக்கும்போது லொறி நகர்வது. சாரதி அவசரத்தில் எடுத்துவிடலாம், அல்லது பின்னால் வந்த வாகனத்துக்கு வழிவிடக் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கலாம். நாள்முழுக்க ஓடிக் களைத்த சாரதியைக் குறை சொல்லிப் பயனில்லை. திறப்பை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். “அண்ணை, திறப்பைத் தாங்கோ, இறக்கி முடியத் தாறன்” என்று கேட்டால் எந்தச் சாரதியும் மறுக்கமாட்டார். இயந்திரம் ஓட்டுபவரின் சட்டைப் பைக்குள் அந்தத் திறப்பு இருக்க வேண்டும். முதலாளியின் மேசையில் வைத்தால் வேறு யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஹான்ட் பிறேக் போட்டு, என்ஜினை நிறுத்தி, கியரில் விட்டபிறகும் பின் சில்லுகளுக்கு இருபக்கமும் கட்டை வைக்க வேண்டும். இங்கே வழக்கமாகக் கையில் அகப்பட்ட கல்லைத்தான் வைக்கிறார்கள். உருண்டைக் கல் ரயர் ஏறினால் உருளும், சுண்ணாம்புக் கல் நொருங்கும். ரயரின் விட்டத்தில் கால்பங்கு உயரம் உள்ள ஆப்புக் கட்டை வேண்டும். ஒரு மீற்றர் விட்டமுள்ள லொறி ரயருக்கு அது 25 சென்ரிமீற்றர். வைரம் பாய்ந்த பனங்கட்டையில் ஒரு தச்சர் இதை அரைநாளில் வெட்டித் தருவார். அடிப்பக்கம் தட்டையாக, தரையில் முழுதாகப் படிய வேண்டும். உருளைத் துண்டாக அப்படியே வைக்கக் கூடாது.

கட்டை வைப்பதில் இன்னொரு பயன் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இயந்திரம் லொறிக்குள் ஏறும்போதும் உள்ளே பிறேக் பிடிக்கும்போதும் லொறியை மயிரிழை அளவு முன்னே தள்ளுகிறது. இருபது தடவை போய் வந்தபிறகு மேடைக்கும் லொறிக்கும் இடையிலிருந்த 2 சென்ரிமீற்றர் இடைவெளி 8 சென்ரிமீற்றராகியிருக்கலாம். கவைச் சில்லின் விட்டமும் அதே 8 சென்ரிமீற்றர்தான். பாலத் தகட்டின் பிடிப்பு அந்த அளவு குறைந்துபோயிருப்பது கடைசி பலட்டில்தான் தெரியவரும்.

முன் இழுவை வாகனத்தைக் கழற்றி ட்ரெயிலரை மட்டும் விட்டுப்போகும் வழக்கம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கழற்றிய ட்ரெயிலர் முன்புறம் இரண்டு கால்களில்தான் நிற்கிறது. அந்தக் கால்களுக்கும் முன்னால் மூக்குப் பகுதி நீண்டிருக்கும். இயந்திரமும் சுமையும் அங்கே போனால் ட்ரெயிலர் முன்னுக்குக் குத்தலாம். சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்மண், கார்த்திகை மழையில் ஊறினால் அந்தக் கால்களே நிலத்தில் புதையும். காலின் கீழ் தடித்த மரச்சட்டமோ இரும்புத் தகடோ வைத்து, மூக்கின் கீழ் தனி முட்டும் கொடுக்காமல் உள்ளே போக வேண்டாம். இழுவை வாகனத்தைக் கழற்றாமல் வைத்திருப்பது இதையெல்லாம் விட நல்லது.

கதவு, தளம், முதல் பலட்

நானூறு கிலோமீற்றர் குலுங்கி வந்த சரக்கு, ஏற்றிய நிலையில் இருக்காது. கொள்கலன் கதவில் சாய்ந்து நிற்கும் பெட்டிகள் கதவு திறந்த கணத்தில் விழும். ஒரு கதவை மட்டும், ஆள் கதவுக்குப் பின்புறம் ஒதுங்கி நின்று, ஒரு சாண் அளவு திறந்து பார்க்க வேண்டும். பட்டி கட்டியிருந்தால் அதை அறுப்பதற்கு முன் சரக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பூச்சிமருந்துப் புகை போட்டதற்கான எச்சரிக்கைத் தாள் கதவில் ஒட்டியிருந்தால், வாயு வெளியேறிவிட்டது என்று பொறுப்பானவர் உறுதிப்படுத்தும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

அடுத்தது தளம். கொள்கலனின் தளம் 28 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. போர்க்லிப்டே உள்ளே போய் வரும் பலத்தோடு செய்யப்படுகிறது. நம் ஊர்த் திறந்த லொறிகளின் கதை வேறு. குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை அடித்திருப்பார்கள். சில பலகைகள் உக்கியிருக்கும். மூட்டை இறக்கும் ஆளின் 70 கிலோவை இரண்டு பாதங்களில் தாங்கிய பலகை, ஒரு கவைச் சில்லின் கீழ் 500 கிலோவைத் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சரக்கு உள்ளே இருக்கும்போது தளத்தை மேலிருந்து பார்க்க முடியாது என்பதால் லொறிக்குக் கீழே குனிந்து ரோச் அடித்துப் பார்க்க வேண்டும். வெடித்த பலகை கீழிருந்துதான் நன்றாகத் தெரியும். துருத்திய ஆணி, கழன்ற போல்ட், 2 சென்ரிமீற்றர் கல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும், சிறிய சில்லு சட்டென நின்றுவிடும். இயந்திரம் நிற்கும், மேலே அடுக்கிய சுமை நிற்காது. எனவே ஒவ்வொரு பலட் வெளியேறியதும் அந்த இடத்தைத் தும்புத்தடியால் கூட்டிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும்.

கவையை விடும்போது நடக்கும் ஒரு தவறை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பவர்களுக்கு அது ஏன் நடந்தது என்றே புரிவதில்லை. கொள்கலனின் உள் அகலம் 2.35 மீற்றர். 1.2 மீற்றருக்கு 1 மீற்றர் பலட்டுகளை ஒன்றை நீளவாட்டிலும் பக்கத்தில் இருப்பதைக் குறுக்காகவும் அடுக்கினால் 2.2 மீற்றரில் இரண்டு நிற்கும். இப்படித்தான் 20 அடிக் கொள்கலனில் 10 பலட் வைக்கிறார்கள். இதில் ஒவ்வொரு சோடியிலும் ஒரு பலட்டின் ஆழம் 1.2 மீற்றர், மற்றதன் ஆழம் 1 மீற்றர். 1.15 மீற்றர் கவையை 1 மீற்றர் ஆழப் பலட்டுக்குள் முழுதாகச் செலுத்தினால் நுனி 15 சென்ரிமீற்றர் வெளியே போய், பின்னால் நிற்கும் பலட்டின் கீழ் நுழைந்துவிடும். தூக்கும்போது அந்தப் பலட்டின் முன் விளிம்பும் சேர்ந்து உயரும். சரிந்த அடுக்கு பின்னால் விழும், அல்லது கவையை வெளியே இழுக்கும்போது முன்னுக்குக் கவிழும். பரிகாரம் மிகச் சுலபம்: கவையின் நுனியிலிருந்து 1 மீற்றரில் மஞ்சள் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள். சின்னப் பலட்டுக்கு அந்தக் கோடு வரைதான். ஆனால் கவைச் சில்லு பலட்டின் அடிப்பலகையில் ஏறி நிற்கவில்லை என்பதையும் அதே நேரம் பார்க்க வேண்டும். அடியில் குறுக்குப் பலகை அடித்த பலட்டில் சில்லு பலகைமேல் நிற்கும்போது தூக்கினால், சில்லு கீழ்நோக்கி அழுத்தி அந்தப் பலகையைப் பிய்த்துவிடும். கையால் பம்ப் அடிக்கும் ட்ரக்கில் ‘இறுகுதே’ என்று நிறுத்தியிருப்பார்கள். மோட்டர் நிறுத்தாது. பலகை பிய்ந்து, ஆணி தளத்தில் சிதறிய பிறகுதான் சத்தம் கேட்கும்.

நிறைக் கணக்கை லொறி வருமுன்பே போட்டுவிடலாம். சீமெந்து மூட்டை 50 கிலோ. 40 மூட்டை அடுக்கிய பலட் 2 தொன், 1.5 தொன் இயந்திரத்துக்கு அது ஆகாது. பலட்டின் நிறை 25 கிலோவையும் சேர்த்தால் 29 மூட்டைதான் எல்லை. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 12 கொண்ட கட்டு 18 கிலோ. அதில் 60 கட்டு வந்தால் 1,080 கிலோ. தூக்கத் திணறும் இயந்திரத்துக்குக் கைகொடுத்து நாலு பேர் சேர்ந்து நெம்புவது வழக்கமாக இருக்கிறது. அதைச் செய்யவே வேண்டாம். இயந்திரம் தூக்க மறுத்தால் அதன் வால்வு அதைப் பாதுகாக்கிறது என்று அர்த்தம். மேல் அடுக்குகளை இறக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். தூக்கிய பிறகு தளத்திலிருந்து 2, 3 சென்ரிமீற்றர் விலகினால் போதும். இருபது வரை உயர்த்துவது சுமையை ஆடவிடுவதற்குத்தான் உதவும்.

விளிம்பு

உள்ளே போகும்போது கவை முன்னே, ஆள் பின்னே. பலட்டைத் தூக்கி வெளியே வரும்போது ஒழுங்கு மாறி, ஆள் முன்னே வர, சுமை பின்னே வருகிறது. மேடையும் தகடும் உள்ள இடத்தில் இதனால் தொல்லையில்லை. நேரே களஞ்சியத்துக்குள் நடந்துவிடலாம். பின்புறம் வெறுமையாகத் திறந்திருக்கும் லொறியில், வெளியே போர்க்லிப்ட் காத்திருக்கும்போது, விளிம்புக்கு முதலில் வந்து சேர்பவர் ஓட்டுபவர்தான். அவர் கண் சுமையில் இருக்கும், கால் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கொள்கலன் லொறியில் அங்கிருந்து தரைக்கு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். விழுபவருக்கு மேலே இயந்திரமும் சுமையும் வரலாம்.

அதனால் இந்த முறையில் ஒரே ஒரு விதிதான்: திறந்த விளிம்புக்கும் சுமைக்கும் நடுவில் ஆள் நிற்கக் கூடாது. அதற்கு உள்ளேயே இயந்திரத்தைத் திருப்பி, சுமையை முன்னால் விட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். சிறிய இயந்திரம் 1.2 மீற்றர் பலட்டோடு திரும்ப 2.2 மீற்றர் வரை எடுக்கும். கொள்கலனில் 2.35 மீற்றர் இருக்கிறது. மட்டுமட்டாகக் காணும், ஆனால் தண்டைச் சரித்துப் பிடித்துக்கொண்டு ஆளும் நிற்க இடம் காணாது. இதற்காகத்தான் பல இயந்திரங்களில் ஆமைப் படம் போட்ட பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் தண்டு நிமிர்ந்த நிலையிலேயே மிக மெதுவாக ஓடும். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா, திரும்பும் ஆரை எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாசல் பக்கத்துப் பலட்டுகளைப் போர்க்லிப்ட் நேரடியாக எடுத்துவிடும். அதனால் கிடைக்கும் வெற்றிடத்தில்தான் திருப்ப வேண்டும்.

விளிம்பிலிருந்து 1.5 மீற்றர் உள்ளே தளத்தில் ஒரு தடித்த கோடு போடுங்கள். ஆளின் பாதம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பலட் மட்டும் தாண்டலாம். பலட்டை வைத்து, கவையைத் தாழ்த்தி, இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்து, ஓட்டுபவர் குரல் கொடுத்த பிறகே போர்க்லிப்ட் நெருங்க வேண்டும். இரண்டு இயந்திரங்களும் ஒரே பலட்டை ஒரே நேரத்தில் தொடக் கூடாது. போர்க்லிப்ட் தள்ளினால் அந்தத் தள்ளல் நேரே ஓட்டுபவரின் வயிற்றுக்கு வரும்.

திருப்பவே முடியாத ஒடுங்கிய லொறியில் சிலர் சங்கிலி கட்டிப் போர்க்லிப்டால் பலட்டை இழுக்கிறார்கள். அடிப்பலகையில் கொக்கி போட்டால் பலகை கழன்று சங்கிலி பறக்கும். செய்தே ஆகவேண்டுமென்றால் பலட்டின் நடுக்கட்டையைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியைப் போட வேண்டும். லொறிக்குள் யாரும் இருக்கக் கூடாது, சங்கிலியின் நேரிலும் யாரும் நிற்கக் கூடாது. என்னைக் கேட்டால் அந்த லொறியைக் கையால் இறக்குவதே மேல்.

இயந்திரம் வழுக்கத் தொடங்கினால் அதைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பது மனித இயல்பு. ஒன்றரைத் தொன்னை யாரும் பிடித்து நிறுத்தியதில்லை. தண்டை விட்டுவிட்டு, சுமை போகும் வழியிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். விட்டவுடன் பிறேக் தானாகப் பிடிக்கும், பிடிக்காவிட்டால் சரக்கு மட்டும்தான் போகும். இதை முதல் நாளே வாயால் சொல்லி, வெறும் இயந்திரத்தில் நாலு தடவை செய்துகாட்ட வேண்டும்.

பாலத் தகடு, டெயில் லிப்ட், வாய்க்கால் மூடி

பாலத் தகடு லொறித் தளத்தில் குறைந்தது 15, 20 சென்ரிமீற்றர் படிய வேண்டும். கீழே இடைவெளிக்குள் இறங்கும் தடுப்புக் கால்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் ஏறும்போது தகடு பின்னுக்குச் சறுக்கும். இன்னொன்று, சரக்கு இறங்க இறங்க லொறியின் வில்லு நிமிரும். காலையில் மட்டமாக இருந்த தகடு பாதிச் சரக்கு இறங்கியபின் களஞ்சியப் பக்கம் சரிந்திருக்கும். இடையிடையே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

டெயில் லிப்ட் உள்ள லொறியில் தட்டில் எழுதியிருக்கும் நிறை, சரக்கின் நிறை மட்டுமல்ல. 1,100 கிலோ சரக்கு, 25 கிலோ பலட், 150 கிலோ இயந்திரம், 75 கிலோ ஆள் எல்லாம் சேர்ந்தால் 1,350 கிலோ. 1,500 கிலோ தட்டுக்கு அது பொருந்தும், 1,000 கிலோ தட்டுக்குப் பொருந்தாது. அந்த 1,500 கிலோவும் லொறிக்கு அருகில் வைத்தால்தான். விளிம்புக்குப் போகப் போகத் தாங்கும் அளவு குறையும். தட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தில் எந்தத் தூரத்துக்கு எத்தனை கிலோ என்று இருக்கும். தட்டின் ஆழம் 1.5 முதல் 1.8 மீற்றர். இயந்திரமும் பலட்டும் சேர்ந்து 1.6, 1.7 மீற்றர். அப்படியானால் பின்னால் நிற்க ஆளுக்கு இடமே இல்லை. தட்டின் அகலம் 2.4 மீற்றர் என்பதால் பலட்டின் பக்கத்தில் முக்கால் மீற்றர் அளவு கிடைக்கும். அங்கேதான் நிற்க வேண்டும். தட்டில் ஏறியதும் கவையை முழுதாகத் தாழ்த்தி, தண்டை நிமிர்த்தி, இயந்திரத்தை நிறுத்தி, விளிம்பிலுள்ள உருளல் தடுப்பைத் தூக்கிவிட்ட பிறகே தட்டை இறக்க வேண்டும். தட்டு மழையில் நனைந்திருந்தால் சுமையோடு ஏறுவதைத் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இங்கே அதற்கு அடிக்கடி காரணம் கிடைக்கும்.

தரைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்போம். வீதிக்கும் கடைக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலின் கொங்கிறீட் மூடிகளை அப்போதுதான் இயந்திரம் கடக்கிறது. ஆள் நடக்கவும் மோட்டார் சைக்கிள் ஏறவும் போட்ட மூடியின் மேல் ஒரு கவைச் சில்லு அரைத் தொன்னை ஒரு கைப்பிடி அகலத்தில் அழுத்தும். மூடி உடைந்தால் சுமை வீதிப்பக்கம் கவிழும். வாய்க்காலின் இரு கரையிலும் நன்றாகப் படியும் இரும்புத் தகடு ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். 60 சென்ரிமீற்றர் அகல வாய்க்காலுக்கு 6 மில்லிமீற்றர் தகடு வளைந்துவிடும். 10 அல்லது 12 மில்லிமீற்றர் வேண்டும், மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். மண் தரையிலும் சல்லியிலும் இந்த இயந்திரம் ஓடாது. கொங்கிறீட் இல்லாத முற்றத்தில் அதை ஓட்ட முயல்வது மோட்டரையும் சில்லையும் கெடுக்கும்.

ஓட்டுபவரும் இயந்திரமும்

இயந்திரத்தின் திறப்பு பழகிய ஒருவரிடமும், அவர் வராத நாளில் பழகிய இன்னொருவரிடமும் மட்டும் இருக்கட்டும். லொறியோடு வந்த உதவியாளர் ‘தாங்கோ, நான் எடுக்கிறன்’ என்று சொன்னால் கொடுக்கக் கூடாது. செருப்போடு இந்த வேலை ஆகாது. இயந்திரத்தின் உடலுக்கும் தரைக்கும் இடையில் 3 சென்ரிமீற்றர்தான், கால்விரல் அதற்குள் போய்விடும். இரும்பு மூக்குச் சப்பாத்து வேண்டும். சாரம் கட்டி வேலை செய்பவர்களுக்கு அன்று காற்சட்டை கொடுத்துவிடுங்கள்.

லொறி வருமுன் ஐந்து நிமிடச் சோதனை போதும். வெறும் இயந்திரத்தை மெதுவாக ஓட்டி, தண்டை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பிறேக் பிடிக்கிறதா பாருங்கள். தன்னை நோக்கி வரும்போது உள்ளங்கையால் வயிற்றுப் பொத்தானை அழுத்துங்கள், உடனே விலக வேண்டும். சிவப்பு அவசர நிறுத்தத்தை ஒரு முறை போட்டு எடுங்கள். கவைச் சில்லுகளைக் குனிந்து பாருங்கள். பலட்டிலிருந்து உரித்த பொலித்தீன் அச்சில் சுற்றிச் சுற்றி இறுகி, சில்லைச் சுழலவிடாமல் செய்துவிடும். சுழலாத சில்லு ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சுமை குதிக்கும். கவை வளையும் முழங்கைப் பகுதியில் வெடிப்பு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

பகலில் வெயில் ஏறிய கொள்கலன் அடுப்பாகிவிடும். வைகாசியில் பத்து மணிக்குப் பிறகு உள்ளே வேலை செய்பவரை அரை மணிக்கொரு தடவை வெளியே எடுத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். களைத்த ஆள் விளிம்பைக் கவனிக்கமாட்டார். உள்ளே வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு கட்டாயம். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைபவரின் கண் பழக நேரம் எடுக்கும்.

இலங்கையில் வேலைத்தல விபத்துக்கான 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. நாட்கூலிக்கு வந்தவர் என்பதற்காக அவரை விட்டுவிட வேண்டாம். யார் ஓட்டினார், யார் இறக்கினார் என்று ஒரு கொப்பியில் தினமும் எழுதி வைத்தால் பின்னால் தகராறு வராது.

பற்றரியை இரவில் நிரப்பி வையுங்கள், விடியப்புறம் லொறி வந்தபிறகு அல்ல. லித்தியம் பற்றரி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் நிரம்பும், ஈய அமில பற்றரிக்கு எட்டு மணித்தியாலம் வேண்டும். ஈய அமில வகை நிரம்பும்போது ஐதரசன் வாயு வெளிவரும், அதனால் காற்றோட்டமான இடத்தில், பீடியும் தீக்குச்சியும் எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். பற்றரி மின் நிரம்பி முடிந்த பிறகே வடிநீரை ஊற்ற வேண்டும். முன்பே முழுதாக ஊற்றினால் அமிலம் பொங்கி வழியும். கடற்காற்று படும் கரையோரக் களஞ்சியங்களில் பற்றரி இணைப்புகளில் பச்சை பூக்கும். மாதமொருமுறை துடைத்து, கிறீஸ் பூசுங்கள். பெரும்பாலான சிறிய இயந்திரங்கள் மழையில் நனையும்படி செய்யப்பட்டவை அல்ல. தூறல் தொடங்கினால் லொறியின் தார்ப்பாயை இறக்கி, இயந்திரத்தைக் களஞ்சியத்துக்குள் விட்டுவிடுங்கள்.